யார் சொல்லிப் படிக்கிறோம்

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத உ.வே.சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். ஐயருக்கு அப்போது 25 வயது. போய்ப் பார்த்து வரச் சொன்னவர் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அடுக்குகிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், பிறகு பெரிய புராணம், கந்த புராணம், கம்பராமாயணம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, பட்டியலில் கனத்துக்குக் குறைவில்லை. முதலியார் மசியவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்று கேட்கிறார். ஐயர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் எல்லாம். 1887ல் சிந்தாமணி அச்சேறியது. 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு, 1898ல் மணிமேகலை. ஐயரே ‘என் சரித்திர’த்தில் இதை விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். தமிழில் ஒருவர் இன்னொருவருக்குப் புத்தகம் சொன்ன கதைகளில் இதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஐயர் படித்த திருவாவடுதுறை மடத்தில் படிப்புக்கு என்ன குறை? மாதக்கணக்கில் பாடம் நடக்கும், சுவடிகள் இருந்தன, வித்துவான்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஆனால் அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட புத்தகங்கள் எல்லாம் அநேகமாக ஒரே வட்டத்துக்குள் சுற்றி வந்தவை. ஜைன காப்பியத்தைப் படி என்று சைவ மடத்தில் யார் சொல்லப்போகிறார்கள்? அதைச் சொல்ல கோர்ட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. சொன்னதோடு அவர் விடவும் இல்லை. தன்னிடம் இருந்த பிரதியைக் கொடுத்தார், தானும் உட்கார்ந்து ஐயரிடம் பாடம் கேட்டார். படித்துத் தேர்ந்துவிட்டு அவர் இந்தப் புத்தகத்தைச் சொல்லவில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் சொன்னார், துணைக்கு ஆள் தேடினார்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். சிந்தாமணியில் வரும் ஜைன சமயச் செய்திகள் புரியாமல் ஐயர் திணறுகிறார். கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்! வெளியே யாரும் கண்டிராத புத்தகம் என்று அவர் நினைத்தது, சில தெரு தள்ளி ஒரு வீட்டில் பாராயணமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நீடாமங்கலம் பக்கம் நான் உரக்கடை வைத்திருக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. சம்பாவுக்கு மேலுரம் போய் முடிந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம், அப்போதுதான் நிறையப் படிப்பேன். விதைநெல் வாங்க வருகிறவர்களைப் பல வருஷமாகக் கவனிக்கிறேன். மூட்டையில் அச்சடித்திருப்பதை யாரும் நம்புவதில்லை. ஆடுதுறை 36 போடலாமா, சிஆர் 1009 தாங்குமா என்று தன் வயலுக்குப் பக்கத்து வயல்காரரைத்தான் கேட்பார்கள். அதே மண், அதே வாய்க்கால், அதே வடிகால். அது சரியான யோசனைதான். ஆனால் புத்தகத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ் என்று நினைக்கிறேன். என் மண்ணிலேயே நிற்கிறவர் எனக்குச் சொல்லும் புத்தகம், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் நானே கண்டுபிடித்திருக்கக்கூடியது. வேறு மண்ணிலிருந்து ஒருவர் வந்து சொன்னால்தான் போகாத இடத்துக்குப் போக முடிகிறது. அப்படிச் சொன்ன சிலரைப் பற்றித்தான் இங்கே எழுத நினைத்தேன்.

முதலில் என் பெரியம்மாவைச் சொல்லாமல் முடியாது. அவர் என் வீட்டு மனுஷிதான், ஆனால் ஒரு சிறுவனுக்கு அவர் படித்த உலகம் வேறு ஊர்தான். கும்பகோணத்தில் அவர் வீட்டு மர அலமாரி முழுக்கத் தொடர்கதை பைண்டிங். வாரப் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, ஊசி நூலில் தைத்து, காலிகோ முதுகு போட்டுத் தருவதற்கென்று அப்போது கடைத்தெருவில் பைண்டர்கள் இருந்தார்கள். கதை ஒரு பக்கம் என்றால் அதன் பின்பக்கத்தில் பாதிச் சமையல் குறிப்பு, தைல விளம்பரம், தொடர்பில்லாத ஒரு துணுக்கு. அந்தப் புத்தகங்கள் தெருவெல்லாம் சுற்றும். ஒரு பைண்டிங்கில் ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போயிருந்தது. அந்த அத்தியாயத்தை யாரோ இரவல் வாங்கிப் படித்து, கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையால் முழுக்க எழுதி, சரியான இடத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். சுருக்கமில்லை, வசனம் வசனமாக அப்படியே. யார் எழுத்து என்று பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. தனக்குப் பின்னால் படிக்கப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக அவ்வளவையும் உட்கார்ந்து எழுதியவரை விடவா ஒரு புத்தகத்தை யாராலும் சிபாரிசு செய்துவிட முடியும்?

பெரியம்மா எந்தக் கதையையும் நல்லா இருக்கும் என்று சொல்லிக் கொடுத்ததில்லை. “எட்டு வாரம் பொறுத்துக்கோடா, அதுக்கு மேல உன்னைப் பிடிச்சு வச்சாலும் நிக்கமாட்டே” என்பார். கதையை அவர் அளந்தது பக்கத்தில் அல்ல, வாரத்தில். எங்கே இழுக்கும், எங்கே சலிக்கும், எந்த இடத்தில் கீழே வைக்கத் தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அந்த இடம் வந்தபோது நான் கீழே வைக்கவில்லை. இன்றைக்கும் ஒரு புத்தகத்தை ஒருவர் புகழ்ந்தால் எந்த இடத்தில் தொய்யும் என்று கேட்டுக்கொள்வேன். அதற்குப் பதில் இருந்தால் அவர் நிஜமாகவே படித்திருக்கிறார்.

எங்கள் கிளை நூலகத்தில் முன்பு ஒரு நூலகர் இருந்தார். திரும்பி வந்த புத்தகங்களை அவர் உடனே அலமாரியில் ஏற்றமாட்டார், மேசை ஓரத்தில் ஒரு அடுக்காக வைத்திருப்பார். வருகிறவர்கள் பாதிப் பேர் அந்த அடுக்கில்தான் முதலில் கை வைப்பார்கள். ஊரில் யாரோ படித்து முடித்தது என்பதே போதும். ஆனால் அவருடைய நிஜமான சாமர்த்தியம் அதில் இல்லை. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அலமாரிப் பக்கம் போய் ஒவ்வொரு புத்தகமாகப் பின்னட்டையைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்ப்பார். வருஷக்கணக்கில் சீல் விழாத புத்தகமாகப் பார்த்து எடுத்து வருவார். “இத எடுத்துட்டுப் போங்க தம்பி. இப்படியே கெடந்தா ஒரு நாள் கழிச்சுக் கட்டிடுவாங்க. உங்களுக்குப் புடிக்கும்னு நினைக்கிறேன், படிச்சுட்டு வந்து சொல்லுங்க.” எங்கள் ஆற்றுப் பாசனத்தைப் பற்றிய ஒரு பழைய புத்தகம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. மதகு, கலிங்கு, முறைப்பாய்ச்சல் என்று நான் தினமும் காதில் வாங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு இவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

புத்தகம் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று நூலக அறிவியலுக்கு விதி எழுதிய எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்தது இதே காவிரிக் கரையில், சீர்காழியில், 1892ல். கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். அந்த ஐந்து விதிகள் வெளிவந்தது 1931ல். அதே வருஷம்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் வைத்துக் கிராமங்களுக்கு ஓட்டினார். மூன்றாவது விதியை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வாசகருக்குப் புத்தகம் தேடிக் கொடுப்பதில் அதிசயமில்லை, அவர் வாய் திறந்து கேட்பார். புத்தகம் கேட்காது. அதற்காக யாராவது எழுந்து அலமாரிப் பக்கம் நடந்து, எந்த வீட்டுக்கு இது போக வேண்டும் என்று யோசிக்க வேண்டும். எங்கள் நூலகர் சம்பளத்துக்காக மட்டும் அதைச் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இனி தோழர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஆயுசு முழுக்க இருந்தவர், கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரர், மகளை எங்கள் ஊரில் கொடுத்திருந்ததால் அடிக்கடி வருவார். கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் அப்போது தஞ்சை மாவட்டத்து எழுத்தாளர்களை ஒரு வெறியோடு படித்துக்கொண்டிருந்தேன். ந.பிச்சமூர்த்தி, கு.ப.ரா., தி.ஜானகிராமன், எம்.வி.வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு என்று கும்பகோணத்தைச் சுற்றி எழுந்த அந்தக் கூட்டத்துக்கு ஈடு எங்கே உண்டு? இன்றைக்கும் எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. தோழர் என் மேசையில் கிடந்ததை எடுத்துப் புரட்டிவிட்டு, “நல்ல எழுத்துதான் தம்பி. தண்ணி, பாட்டு, காப்பி எல்லாம் கண்ணு முன்னாடி வருது. நாத்து யாரு நட்டாங்கன்னு எந்தப் பக்கத்துலயாவது இருக்கா, பாத்து வைங்க” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. எழுத்தை ரசித்துவிட்டுத்தான் சொன்னார்.

அடுத்த முறை வந்தபோது இரண்டு நாவல்கள் கொண்டுவந்தார். ஒன்று இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’, 1977ல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கியது. மற்றது சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’. இரண்டுமே கீழ்வெண்மணியைப் பற்றியவை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட ஊர். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். எங்கள் ஊரிலிருந்து அது ஒன்றும் தூரதேசமில்லை.

அவர் கொடுத்த விதம்தான் முக்கியம். முதல் புத்தகத்தை நீட்டும்போதே, “இந்தப் புத்தகத்தோட எனக்குச் சண்டை இருக்கு. எங்காளுங்க கூலிக்காகவும் கொடிக்காகவும் செத்தாங்க. இதுல பண்ணையார் செய்யறதுக்கெல்லாம் அவரோட உடம்புக் குறையில கொண்டுபோயி காரணம் வைக்குது. அது எனக்கு ஒப்பல. ஆனா நீங்க படிக்கணும். அப்புறம் இதப் படிங்க. ரெண்டையும் படிச்சுட்டு என்னோட பேசுங்க” என்றார்.

தனக்குப் பிடிக்காத புத்தகத்தை ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பிடித்ததைச் சொல்வது எல்லாருக்கும் வரும். தன்னோடு சண்டையில் இருக்கிற புத்தகத்தை, முழு மரியாதையோடு, இன்னொருவர் முடிவுக்கு விட்டுக் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். நான் படித்தேன். ‘குருதிப்புன’லின் கட்டுமானம் பிடித்தது, டில்லியிலிருந்து வந்து பார்க்கிற படித்தவன் கண் வழியாகக் கதை நகர்வது எனக்கு இயல்பாகப் பட்டது. ‘செந்நெல்’லில் வயல் வேலை நேரே நடந்தது. சேற்றின் வாசனையோடு, சேரிப் பேச்சின் வேகத்தோடு. தோழரின் குறை எனக்குப் பாதி சரியாகவும் பாதி சரியில்லாததாகவும் தோன்றியது. அதை அவரிடமே சொன்னேன். ஒரு மனிதனின் அந்தரங்கக் குறையைச் சொல்வதாலேயே வர்க்கக் காரணம் மறைந்துவிடுமா என்று கேட்டேன். மறையும் என்றார், ஏனென்றால் வாசகன் பண்ணையாரை வைத்தியரிடம் அனுப்பினால் போதும் என்று முடிவு கட்டிவிடுவான் என்றார். நாங்கள் இருவரும் ஒத்துப்போகவே இல்லை. அந்த டிசம்பரில் நினைவிடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். தோழர் இப்போது இல்லை. அந்த ‘செந்நெல்’ பிரதி என்னிடமே தங்கிவிட்டது. கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன், கேட்காத சிலருக்கும் கொடுக்கிறேன்.

பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் பட்டியல் என்றால் க.நா.சு. 1912ல் வலங்கைமானில் பிறந்தவர், எனக்குக் கூப்பிடு தூரம். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு புத்தகமே எழுதியவர். நல்ல நாவல்கள், நல்ல சிறுகதைகள் என்று வாழ்நாள் முழுக்க வரிசை போட்டார், அந்த வரிசைகளுக்காக வசையும் வாங்கினார். க.நா.சு.வின் பட்டியலை நான் மதிக்கிறேன், காரணம் அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. இவர் நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர், தான் சொல்கிற புத்தகத்துக்காக மாதக்கணக்கில் உழைத்தவர் என்று தெரியும். அவர் விட்டுவிட்டவற்றைப் பார்த்தே அவருடைய ருசியை நான் அளந்துகொள்ளலாம். இப்போது புழங்குகிற ‘சாவதற்குள் படிக்க வேண்டிய நூறு’ வகையறாவுக்கு முகமே இல்லை. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதை விட்டுவிட்டுச் சொன்னது என்று எதுவும் தெரியாது.

பெரிய புகழ்மொழியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் சொன்னார். அந்த ஒரு தொடர் அவரைக் காப்பாற்றியது என்பதும் உண்மை, எத்தனையோ பேரை அவர் பக்கமே வரவிடாமல் பயமுறுத்தியது என்பதும் உண்மை. மௌனியைப் புதிதாகப் படிக்கப்போகிறவரிடம் நான் அந்தத் தொடரைச் சொல்வதில்லை. ஒரு கதையின் பெயரை மட்டும் சொல்லி, ராத்திரி படிக்க வேண்டாம், காலையில் படியுங்கள் என்பேன்.

செல்போன் சொல்கிற புத்தகங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு சோழர் கதை வாங்கினால் அடுத்து பத்து சோழர் கதையைக் காட்டுகிறது. மடத்துக்குள்ளேயே உட்கார வைக்கிற வேலை அது. படித்தீர்களா, என்ன ஆயிற்று என்று திரும்பக் கேட்கவும் அதற்குத் தெரியாது. எனக்குப் புத்தகம் தந்தவர்கள் எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பெரியம்மா, எந்த வாரத்தில் இருக்கிறாய் என்பார். நூலகர் சீல் குத்தும்போது முகத்தைப் பார்ப்பார். தோழர் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இப்போது என் மேசையில் இருப்பது உமறுப் புலவரின் சீறாப்புராணம். கொடுத்தவர் நாகூர்க்காரர், மரவாடி வைத்திருக்கிறார். கடைக்கு ரீப்பர் எடுக்கப் போனதில் பழக்கம், நானா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் கம்பனின் நாட்டுப் படலத்தைப் பற்றி நான் ஏதோ பெருமையாகப் பேசிக்கொண்டிருக்க, அவர் அறுத்த பலகைக்கு அளவு எழுதிக்கொண்டே கேட்டார், “உமறுப் புலவர் படிச்சிருக்கீங்களா தம்பி? அவர் மக்காவுக்கே வாய்க்கால் வெட்டியிருக்காரு.” அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

நிஜம்தான். 5027 பாடல், மூன்று காண்டம். முதலில் வருவது விலாதத்துக் காண்டம். அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பெய்கிறது, வெள்ளம் மலையிலிருந்து இறங்குகிறது, கரை உடைத்து ஓடி வயலில் பாய்கிறது, உழுகிறார்கள், நடுகிறார்கள், களை பறிக்கிறார்கள், அறுத்துப் போர் போடுகிறார்கள். நபிகள் பிறந்த நாட்டைப் பாட வந்த புலவருக்கு, வளம் என்றால் நெல்வயல்தான். மணல்காட்டைப் பார்த்திராத அறியாமை என்று சிலர் இதைச் சொல்லக்கூடும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் உயிராக நினைக்கிற ஒருவருக்குத் தன் ஊரில் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுக்கிறார். மேலுரக் கணக்கு எழுதுகிற கடையில் உட்கார்ந்து அந்தக் களைபறிப்புப் பாடல்களைப் படிக்கும்போது உமறுப் புலவர் எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் மாதிரி இருக்கிறார்.

அரபுச் சொற்கள் நிறைய. புரியாத இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். நானா வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் செய்து எதுவரை வந்தீர்கள் என்பார். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வரச் சொல்லியிருக்கிறார், அவருடைய வாப்பா காலத்து உரை ஒன்று வீட்டில் இருக்கிறதாம். சும்மா போகக்கூடாது, பதிலுக்கு ஒன்று கொண்டுபோக வேண்டும். சா.கந்தசாமியின் ‘சாயாவனம்’ எடுத்து வைத்திருக்கிறேன். கரும்பாலை கட்டுவதற்காகச் சிதம்பரம் என்பவன் ஒரு வனத்தையே வெட்டியும் கொளுத்தியும் அழிக்கிற கதை. மரம் என்றால் கன அடியும் விலையும் வைரமும் என்று விரல் நுனியில் சொல்கிறவர், அந்த மரங்கள் விழுவதை எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நடுவில் கொஞ்சம் நிதானமாகப் போகும், அங்கே வைத்துவிடாதீர்கள் நானா என்று சொல்லித்தான் கொடுப்பேன்.